பார்வைப் புலமும் கண் அசைவும்: கருவிகள் இல்லாமல் சோதிக்கும் முறை

கேள்வி கேட்டவர் ஒரு மருத்துவ மாணவர். நோயாளியின் முகத்தின் இரு பக்கமும் விரலை ஆட்டித் "தெரிகிறதா" என்று கேட்பதும், பிறகு ஒரு பேனாவை ஆங்கில எச் (H) எழுத்து வடிவில் நகர்த்திக் காட்டுவதும் தமக்கு ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன என்றும், எல்லாரிடமும் "இயல்பு" என்ற முடிவே கிடைக்கிறது என்றும், உண்மையில் எதையாவது கண்டுபிடிக்கும் வகையில் இவற்றை எப்படிச் செய்வது என்றும் கேட்டிருந்தார். பயிற்சிக் காலத்தில் பெரும்பாலோர் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இவ்விரண்டு சோதனைகளும் அடுத்தடுத்துச் செய்யப்படுவதால் ஒரே வகையானவை போலத் தோன்றினாலும், இவற்றின் அடிப்படை நேர் எதிரானது. பார்வைப் புலத்தை, அதாவது கண்ணை அசைக்காமல் ஒருவர் காணும் பரப்பை, சோதிக்கும்போது நோயாளியின் கண் அசையவே கூடாது. கண் அசைவைச் சோதிக்கும்போது தலை அசையவே கூடாது. சோதனை தவறிப்போகும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று மீறப்பட்ட இடங்கள்தாம். விரல் ஆடும் பக்கம் கண் ஒரு நொடி திரும்பிவிட்டால் பாதிப் புலத்தை முற்றிலும் இழந்தவர்கூட "தெரிகிறது" என்பார். பேனாவோடு தலையும் சேர்ந்து திரும்பினால் முடங்கிய தசை முடங்கியதாகவே தெரியாது. ஆகவே உங்கள் பார்வை உங்கள் விரலின் மீதோ பேனாவின் மீதோ இருக்கக் கூடாது. அது தொடக்கம் முதல் இறுதிவரை நோயாளியின் கண்களின் மீதே இருக்க வேண்டும்.

பார்வைப் புலத்துக்கு வருவோம். ஒரு கண் அசையாமல் நேரே நோக்கும்போது காதுப்பக்கம் ஏறத்தாழ 90 முதல் 100 பாகை வரையிலும், மூக்குப்பக்கமும் மேற்புறமும் ஏறத்தாழ 60 பாகை வரையிலும், கீழ்ப்புறம் 70 முதல் 75 பாகை வரையிலும் பார்க்கிறது. இந்த எல்லைகளை எண்களாக அளக்க நோயாளியின் படுக்கையருகே நம்மிடம் கருவி இல்லை. நம்மிடம் இருப்பது நம்முடைய சொந்தக் கண். சோதிப்பவரின் புலத்தை அளவுகோலாக வைத்து நோயாளியின் புலத்தை ஒப்பிடுவதே எதிர்முகச் சோதனை எனப்படும் இந்த முறையின் சாரம். அதனால்தான் இருவரும் ஒரே கண்மட்டத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே உட்கார வேண்டும் என்கிறோம். நோயாளி தம் இடக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டால் நீங்கள் உங்கள் வலக்கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அப்போது அவருடைய வலக்கண்ணும் உங்களுடைய இடக்கண்ணும் நேருக்கு நேர் நிற்கும், இரு புலங்களும் ஒன்றன்மீது ஒன்றாகப் பொருந்தும். விரல்களால் கண்ணை மூடச் சொன்னால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார். அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது சிறிது நேரம் மங்கலாக இருக்கும். உள்ளங்கையை மெதுவாகக் குவித்து மூடச் சொல்வதே நல்லது.

கையைத் தூக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "என் மூக்கையே பாருங்கள். என் முகம் முழுவதும் தெரிகிறதா? எங்காவது ஒரு பகுதி மறைந்தோ மங்கலாகவோ இருக்கிறதா?" பத்து நொடிகூட ஆகாத இந்தக் கேள்வி பாதிப் புலம் இழந்தவரையும் நடுப்பார்வையில் குறையுள்ளவரையும் பல நேரங்களில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். "உங்கள் இடப்பக்க முகம் தெரியவில்லை" என்று நோயாளியே சொல்லிவிட்ட பிறகு, மீதமுள்ள சோதனை அந்தக் குறையின் எல்லையை வரைவதற்காக மட்டுமே.

அடுத்து விரல்களை எண்ணச் சொல்ல வேண்டும். நான்கு கால்பகுதிகளிலும், அதாவது மேல் வலம், மேல் இடம், கீழ் வலம், கீழ் இடம் என்று ஒவ்வொன்றிலும், இருவருக்கும் நடுவிலான தொலைவில், ஒன்று அல்லது இரண்டு அல்லது ஐந்து விரல்களை அசையாமல் காட்டி எத்தனை என்று கேட்க வேண்டும். மூன்று, நான்கு ஆகியவற்றை ஓரப் பார்வையில் பிரித்தறிவது இயல்பான கண்ணுக்கே கடினம் என்பதால் அவற்றைத் தவிர்க்கிறோம். இங்கே "அசையாமல்" என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் தலையின் பின்புறம் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்த மருத்துவர் ஜார்ஜ் ரிடாக், அசையாப் பொருளை அறவே காண முடியாத புலப்பகுதியிலும் அசைவை மட்டும் சிலர் உணர்வதைக் கண்டு 1917ஆம் ஆண்டு பதிவுசெய்தார். நீங்கள் விரலை ஆட்டி ஆட்டிக் காட்டும்போது சோதிப்பது அந்த அசைவுணர்வைத்தான். உருவத்தைக் காணும் திறனை அன்று. எல்லாரும் இயல்பாகவே வருகிறார்கள் என்ற உங்கள் அனுபவத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு இரு கைகளிலும் ஒரே நேரத்தில் விரல்களைக் காட்ட வேண்டும். தனித்தனியே காட்டும்போது இரு பக்கமும் சரியாகச் சொல்லிவிட்டு, ஒன்றாகக் காட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாமல் விடுபவருக்குப் பார்வைப் பாதையில் பழுது இல்லாமல், கவனத்தில் பழுது இருக்கலாம். மூளையின் வலப்பக்கப் பரைட்டல் மடல் பாதிக்கப்பட்ட பக்கவாத நோயாளிகள் இடப்பக்கத்தைப் புறக்கணிப்பது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. இதைத் தனியே சோதிக்காவிட்டால் எளிதில் தவறவிட்டுவிடுவோம்.

இந்தச் சோதனையில் நான் மிகவும் மதிப்பது சிவப்பு நிறத்தைப் பயன்படுத்தும் பகுதியை. மாத்திரைப் புட்டியின் சிவப்பு மூடிகள் இரண்டு இருந்தாலே போதும். நோயாளி உங்கள் கண்ணை நேரே பார்த்துக்கொண்டிருக்க, நடுக்கோட்டுக்கு இரு புறமும் மூடிகளைப் பிடித்து, "இரண்டும் ஒரே மாதிரிச் சிவப்பாக இருக்கின்றனவா?" என்று கேளுங்கள். "தெரிகிறதா" என்று கேட்பதற்கும் "ஒரே மாதிரி தெரிகிறதா" என்று கேட்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் தொடக்கநிலை நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பார்வை நரம்போ அவை இரண்டும் சந்திக்கும் காயஸ்மாவோ நசுக்கப்படத் தொடங்கும் காலத்தில் விரல்களை எண்ண முடியும். ஆனால் பாதிக்கப்பட்ட பக்கத்தில் சிவப்பு வெளிறியோ பழுப்பாகவோ தெரியும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டி பொதுவாகக் காயஸ்மாவைக் கீழிருந்து மேலாக அழுத்துவதால், இரு கண்களிலும் காதுப்பக்கத்தின் மேற்பகுதியே முதலில் மங்கும். எனவே அந்த இரு மேல் மூலைகளிலும் சிவப்பை ஒப்பிட்டுக் கேட்காமல் சோதனையை முடிக்கலாகாது.

இதே சிவப்பு முனையைக் கொண்டு குருட்டுப் புள்ளியையும் தேடலாம். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை என்பதால், நேர் பார்வையிலிருந்து காதுப்பக்கம் ஏறத்தாழ 15 பாகையில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு காணாப் பகுதி உண்டு. பிரான்சின் எட்மே மரியோட் இதை 1660களிலேயே விளக்கிவிட்டார். சிறிய சிவப்புக் குண்டூசித் தலையைக் கிடைமட்டமாக நகர்த்தும்போது அது உங்களுக்கு மறையும் இடத்திலேயே நோயாளிக்கும் மறைந்தால், அவர் கண்ணை அசைக்காமல் வைத்திருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. மூளைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பின் வட்டு வீங்கியிருந்தால் இந்தப் புள்ளி பெரிதாகிவிடும்.

கண்டுபிடித்த குறையின் வடிவமே பழுதின் இடத்தைச் சொல்லும். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் பழுது விழித்திரையிலோ அந்தப் பக்கப் பார்வை நரம்பிலோ இருக்கும். கிடைமட்டக் கோட்டின் மேலோ கீழோ பாதி மறைந்திருந்தால் நரம்புக்கான அல்லது விழித்திரைக்கான இரத்த ஓட்டத் தடையை நினைக்க வேண்டும். இரு கண்களிலும் காதுப்பக்கம் மறைந்தால் காயஸ்மா. இரு கண்களிலும் ஒரே பக்கம் மறைந்தால் காயஸ்மாவுக்குப் பின்னால், மறைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூளையில் பழுது. இவற்றிலும் மேற்கால்பகுதி மட்டும் மறைந்தால் டெம்போரல் மடலையும், கீழ்க்கால்பகுதி மட்டும் மறைந்தால் பரைட்டல் மடலையும் முதலில் எண்ண வேண்டும். பாடநூலில் எல்லாரும் படிப்பவைதாம் இவை. பாடநூலில் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லப்படாத ஒன்று உண்டு: வலப்பக்கப் புலத்தை இரு கண்களிலும் இழந்தவர் உங்களிடம் வந்து, "எனக்கு வலக்கண் தெரியவில்லை" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தமக்குத் தோன்றுவதைச் சொல்கிறார். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்த்தாரா என்று கேட்டு, நீங்களும் தனித்தனியே சோதிக்காமல் போனால், மூளையில் ஏற்பட்ட அடைப்பைக் கண் நோயாகக் கருதிக் காலத்தை வீணாக்கிவிடுவோம். வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறுகிறாரா, வரியின் மீதியைப் படிக்கத் தடுமாறுகிறாரா என்ற விசாரணையும் இங்கே உதவும். முன்னது இடப்பக்க இழப்பையும் பின்னது வலப்பக்க இழப்பையும் சுட்டும்.

இந்தச் சோதனையின் வரம்பையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பார்வை நரம்பு மெல்லச் சிதையும் நோயான கிளாகோமாவின் தொடக்கத்தில் ஏற்படும் வில் வடிவச் சிறு குறைகளை விரல்களாலும் சிவப்பு மூடிகளாலும் கண்டுபிடிக்க முடியாது. பார்வைப் புலத்தை அளக்கும் கருவியான தானியங்கிப் பெரிமீட்டரில் வழக்கமாகச் செய்யப்படும் 24-2 என்ற சோதனையே ஒவ்வொரு கண்ணிலும் 54 புள்ளிகளில் ஒளியுணர்வை அளக்கிறது. கையால் செய்யும் சோதனை அதன் அருகில் வரவே முடியாது. எனவே "எதிர்முகச் சோதனையில் குறை தெரியவில்லை" என்று எழுதலாமே தவிர, "புலம் இயல்பு" என்று எழுதுவது பொருந்தாது. நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன என்று ஒருவர் சொன்னால் அது மையப் புலத்தின் சிக்கல். அதற்கு ஆம்ஸ்லர் கட்டம் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர்ச் சதுரத்தில் ஐந்து மில்லிமீட்டர்க் கட்டங்கள் கொண்ட அந்தத் தாளை, படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனிக் கண் அசைவு. பேனாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதிச் செய்தி கிடைத்துவிடும். தலை ஒரு தோள் பக்கம் சாய்ந்திருக்கிறதா, முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா, ஒரு மேலிமை இறங்கியிருக்கிறதா, கண்பாவைகள் இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். பிறகு ஒரு சிறு விளக்கை நேரே காட்டி, இரு கருவிழிகளிலும் அதன் பிரதிபலிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஹிர்ஷ்பெர்க் சோதனை எனப்படும் இதில், பிரதிபலிப்பு ஒரு மில்லிமீட்டர் விலகினால் கண் ஏறத்தாழ ஏழு பாகை விலகியிருக்கிறது என்று கொள்ளலாம். மூக்கடி அகன்ற குழந்தைகளுக்கு மாறுகண் போன்ற தோற்றம் இருக்கும். பிரதிபலிப்பு இரு கண்களிலும் ஒரே இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் அது தோற்றமே. ஐயம் இருந்தால் ஒரு கண்ணை மூடி மற்றொரு கண் இடம்பெயர்கிறதா என்று பார்க்கும் மூடல் சோதனை முடிவு சொல்லும்.

எச் வடிவம் ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் அதைத் தவறாகச் செய்யவே முடியாது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. வெளிப்பக்கம் இழுக்கும் லேட்டரல் ரெக்டஸை ஆறாம் மூளை நரம்பும், சுப்பீரியர் ஆப்ளிக்கை (மேல் சாய்தசை) நான்காம் நரம்பும், மற்ற நான்கையும் மூன்றாம் நரம்பும் இயக்குகின்றன. நேர் மேலே பார்க்கும்போது சுப்பீரியர் ரெக்டஸ் (மேல் நேர்த்தசை), இன்ஃபீரியர் ஆப்ளிக் (கீழ் சாய்தசை) ஆகிய இரண்டும் சேர்ந்து தூக்குவதால் எது பலவீனம் என்று பிரிக்க முடியாது. கண் வெளிப்பக்கம் திரும்பிய நிலையில் அதை மேலும் கீழும் நகர்த்துவது பெரும்பாலும் ரெக்டஸ் தசைகளின் வேலை. மூக்குப்பக்கம் திரும்பிய நிலையில் அது ஆப்ளிக் தசைகளின் வேலை. ஆகவே முதலில் பக்கவாட்டில் கொண்டுபோய், அங்கிருந்து மேலும் கீழும் நகர்த்தும்போது மட்டுமே ஒவ்வொரு தசையும் தனித்து நிற்கிறது. கூட்டல் குறி வடிவில் நகர்த்தினால் இந்தப் பிரிப்பு கிடைக்காது.

இலக்கு ஏறத்தாழ அரை மீட்டர் தொலைவில் இருக்கட்டும்; மிக அருகில் கொண்டுபோனால் கண்கள் இரண்டும் மூக்கை நோக்கி ஒருங்கத் தொடங்கிவிடும். நோயாளியின் தாடையையோ நெற்றியையோ மெதுவாகப் பிடித்துக்கொண்டு, இலக்கை நிதானமாக நகர்த்தி, ஒவ்வொரு கோடியிலும் இரண்டு மூன்று நொடிகள் நிறுத்துங்கள். வெளிப்பக்கம் முழுமையாகத் திரும்பிய கண்ணில் வெள்ளைவிழி வெளியோரத்தில் தெரியக் கூடாது. கீழே பார்க்கும்போது மேலிமைகளைத் தூக்கிப் பிடிக்காவிட்டால் எதையும் பார்க்க முடியாது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கோடியிலும் "ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத சிறு பலவீனத்தை நோயாளியின் இரட்டைப் பார்வை சொல்லிவிடும்.

இரட்டைப் பார்வை உண்டு என்றால் முதற்கேள்வி ஒன்றே: ஒரு கண்ணை மூடினால் அது மறைகிறதா? ஒரு கண்ணால் பார்க்கும்போதும் இரண்டாகத் தெரிந்தால் அது தசையின் குறையன்று. கண்புரை, கருவிழிக் கோளாறு, ஒளிவிலகல் குறை போன்றவற்றைத் தேட வேண்டும். எந்தக் கண்ணை மூடினாலும் மறைகிறது என்றால்தான் கண்களின் ஒருமைப்பாடு குலைந்திருக்கிறது. அப்போது இரண்டு விதிகள் போதும். உருவங்கள் எந்தத் திசையில் மிக அதிகமாக விலகுகின்றனவோ அந்தத் திசையில் இழுக்கும் தசை பலவீனமானது. அந்த நிலையில் வெளிக்கோடியில் தெரியும் உருவம் பாதிக்கப்பட்ட கண்ணுக்குரியது. ஒரு கண்ணை மூடி, வெளி உருவம் மறைகிறதா உள் உருவம் மறைகிறதா என்று கேட்டால் எந்தக் கண் என்பது தெரிந்துவிடும்.

மூன்று நரம்புகளில் உடனடி அக்கறை தேவைப்படுவது மூன்றாம் நரம்பு. இமை இறங்கி, கண் வெளியேயும் கீழேயும் ஒதுங்கி நிற்கும். இதில் கண்பாவையே முடிவைத் தீர்மானிக்கிறது. கண்பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்பரப்பில் ஓடுவதால் வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் அவை முதலில் பாதிக்கப்படும். நீரிழிவு போன்றவற்றால் நரம்பின் உட்பகுதிக்கு இரத்தம் குறையும்போது அவை பெரும்பாலும் தப்பிவிடும். தலைவலியோடு வந்த மூன்றாம் நரம்பு முடக்கத்தில் கண்பாவை விரிந்திருந்தால், மூளையின் பின் இணைப்புத் தமனியில் இரத்தக்குழாய்ப் புடைப்பு இருக்கலாம் என்று கருதி, அன்றே, அப்போதே இரத்தக்குழாய்ப் படம் எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கண்பாவை இயல்பாக இருந்தாலும் முடக்கம் முழுமையாக இல்லையென்றால் நிம்மதி அடையக் கூடாது. அடுத்த நாள்களில் அது விரியக்கூடும்.

ஆறாம் நரம்பு முடங்கினால் கண் வெளிப்பக்கம் போகாது. தொலைவில் பார்க்கும்போது பக்கவாட்டில் இரண்டாகத் தெரியும். மூளைக்குள் அழுத்தம் கூடினாலே இந்த நரம்பு பாதிக்கப்படலாம் என்பதால், இது பழுதின் இடத்தைத் தவறாகச் சுட்டும் அறிகுறியாகவும் ஆகிவிடுகிறது. தலைவலியும் இருபக்க ஆறாம் நரம்பு பலவீனமும் சேர்ந்திருந்தால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்து நரம்பு வட்டு வீங்கியிருக்கிறதா என்று அறியாமல் அவரை அனுப்பக் கூடாது. நான்காம் நரம்பு மெல்லியது. தலைக்காயத்தில் எளிதில் பாதிக்கப்படுவது. படியிறங்கும்போதும் படிக்கும்போதும் மேலும் கீழுமாக இரண்டு தெரிகிறது என்பார்கள். தலையை எதிர்த் தோள் பக்கம் சாய்த்து வைத்திருப்பார்கள். இளம் வயதுப் புகைப்படங்களிலும் அதே சாய்வு இருந்தால் அது பிறவியிலேயே வந்த குறை என்பது தெளிவாகும். புதிய நோயைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எல்லா அசைவுக் குறைவும் நரம்பு முடக்கம் அன்று. தைராய்டு கண் நோயில் கண்ணைக் கீழே இழுக்கும் இன்ஃபீரியர் ரெக்டஸ் தடித்து இறுகிப்போவதால் கண் மேலே ஏறாது. தூக்கும் தசையில் குறை ஏதும் இருக்காது. முகத்தில் அடிபட்டு கண்குழியின் தளம் உடைந்து தசை சிக்கிக்கொண்டாலும் அதே தோற்றம் வரும். குழந்தைகளிடம் வெளியே சிவப்போ வீக்கமோ அதிகம் இல்லாமலேயே இது நேர்வதுண்டு. மேலே பார்க்கச் சொன்னால் வாந்தி வருகிறது, நாடித்துடிப்பு குறைகிறது என்றால் அவசர அறுவை தேவைப்படலாம். காலையில் சரியாகவும் மாலையில் மோசமாகவும் இருக்கும் இமை இறக்கமும் இரட்டைப் பார்வையும், தசைகள் விரைவில் களைத்துப்போகும் நோயான மயஸ்தீனியாவை நினைவூட்ட வேண்டும். ஒரு நிமிடம் தொடர்ந்து மேலே பார்க்கச் சொன்னால் இமை கண்ணெதிரே மெல்ல இறங்கும். மூடிய இமைமீது இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பையை வைத்தால் தற்காலிகமாக உயரும்.

இலக்கைத் தொடரும் மெதுவான அசைவோடு நின்றுவிடாமல், "என் வலக்கை விரலைப் பாருங்கள், இடக்கை விரலைப் பாருங்கள்" என்று மாற்றி மாற்றிச் சொல்லித் தாவும் அசைவையும் பார்க்க வேண்டும். இரு கண்களின் பக்கவாட்டு அசைவை இணைக்கும் நரம்புக்கற்றையான, மூளைத்தண்டின் மீடியல் லாஞ்ஜிட்யூடினல் ஃபாசிகுலஸ் பழுதுபட்டால், மெதுவாகத் தொடரும்போது முழுமையாகத் தெரியும் கண், தாவும்போது மூக்குப்பக்கம் பின்தங்கி வரும். வெளிப்பக்கம் போன மறுகண் துடிக்கும். இளம் வயதினரில் நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும் முதியோரில் பக்கவாதமும் இதன் முக்கியக் காரணங்கள். எச் வடிவச் சோதனை மட்டும் செய்பவர் இதன் லேசான வடிவத்தைத் தவறவிடுவார். கடைக்கோடியில் இரண்டு மூன்று துடிப்புகள் வந்து அடங்கினால் அது இயல்பே. பார்க்கும் திசைக்கேற்பத் துடிப்பின் திசையும் மாறினாலோ, மேல் கீழாகத் துடித்தாலோ சிறுமூளையையும் மூளைத்தண்டையும், வலிப்பு மருந்துகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதிவு செய்யும்போது ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பார்வைப் புலத்தை நோயாளி பார்ப்பதுபோல் வரைகிறோம். வலக்கண்ணின் வட்டம் தாளின் வலப்பக்கம் வரும். கண் அசைவையோ பெரும்பாலும் நாம் எதிரிலிருந்து பார்ப்பதுபோல் வரைகிறோம். வலக்கண் தாளின் இடப்பக்கம் வரும். ஒரே பக்கத்தில் இரண்டையும் வரையும்போது ஒவ்வொரு படத்தின் மேலும் வலம், இடம் என்று எழுதிவிடுங்கள். அடுத்து பார்ப்பவர் பக்கத்தை மாற்றிப் புரிந்துகொள்ள இடமிருக்காது.